வேறு பெயர் சொன்ன கார்டு

என் அக்காவுக்கு எங்கள் தெருவில் 'சிடிக்காரம்மா' என்று பெயர். பாட்டு சிடி கேட்டு வந்து திட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறைய பேர். அவள் வைத்திருந்ததெல்லாம் டிரைவர் சிடி. கம்ப்யூட்டருக்குள் எந்தப் பாகத்தைச் செருகினாலும், அதை எப்படி வேலை வாங்குவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். எனக்குப் பெண் பேசப் போனபோது, "உங்க அக்கா டிரைவர் வேலை பாக்குறாங்களாமே, என்ன வண்டி?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். "நின்னுபோன வண்டி எல்லாத்தையும் அவதாங்க ஓட்டுவா" என்று சொல்லிச் சமாளித்தேன். பெண் கிடைத்தது.

அக்கா கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் வாடிக்கையாளர்களைத் திட்டித் தீர்ப்பது ஒரு சொல் பிசகாமல் என் காதில் விழும். "தண்ணிய ஊத்திட்டுத் தானா நின்னுபோச்சுன்னு சொல்றீங்களே, கீபோர்டு என்ன தொட்டிச் செடியா?" என்பாள். கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அடுத்த முறை தண்ணீர் ஊற்றினாலும் அவளிடம்தான் வருவார். வேறு எங்கே போவது? திட்டினாலும் சாமானைச் சரி செய்து கையில் கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான்.

முதலில் அவள் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். யாரும் தொடாமலே அது ஒரு நாள் நின்றுபோனது. மெக்கானிக் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அக்காவுக்கா பொறுமை? தையல் மிஷின் டப்பாவிலிருந்து திருப்புளியை எடுத்துப்போய்ப் பெட்டியைத் திறந்துவிட்டாள். முதலாளிக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. உள்ளே ஒரு கார்டு லேசாக மேலே கிளம்பியிருந்தது, அழுத்தினாள், ஓடியது. அன்றிலிருந்து அவளுக்கு டைப்பிங் கசந்துபோயிற்று.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் ஆம்பளை வேலை. கடைக்கு வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லியா?" என்பார்கள். "இருக்காரு, கூப்பிடறேன்" என்று உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அவளே வெளியே வந்து, "சொல்லுங்க" என்று நிற்பாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

தொழிலில் அவளுக்கு ஒரு விதி உண்டு. 'திரை பொய் சொல்லும், சிப்பு பொய் சொல்லாது.' கடை வைத்த புதிதில் ஒரு மொத்த வியாபாரி அவள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான். திரையில் படம் வர வைக்கும் கிராபிக்ஸ் கார்டுகளை விற்றான்; செருகினால் திரையில் பெரிய கம்பெனிப் பெயர் வரும். உள்ளே இருந்ததோ மட்டமான சிப்பு. எவனோ கார்டுக்குள் இருக்கும் சின்ன நிரலை மாற்றி எழுதி, அதைப் பொய் பேச வைத்திருந்தான். அக்கா அத்தனை கார்டையும் அள்ளிக்கொண்டு போய் அவன் மேஜை மேல் கொட்டிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எந்தக் கார்டு வந்தாலும் மேலே இருக்கும் ஃபேனைக் கழற்றி, வெள்ளைப் பசையைத் துடைத்து, சிப்பின் மேல் பொறித்திருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால்தான் அவளுக்குத் திருப்தி. கம்ப்யூட்டர் தலைகீழாக நின்று வேறு பெயர் சொன்னாலும் நம்பமாட்டாள்.

இனி மாமா. அதாவது அக்கா வீட்டுக்காரர். வீட்டு பிளான் வரைகிறவர். அக்கா பேசும் பேச்சில் கால் பங்குகூடப் பேசமாட்டார். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட சுவருக்குள்தான் தூங்குகிறார்கள். முதலில் பேனாவும் அளவுகோலுமாக மேஜையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். கழுத்து வலி தாங்கவில்லை. அக்காதான் பிடிவாதமாக ஒரு கம்ப்யூட்டரைக் கூட்டிச் சேர்த்து, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வைத்து, "இனிமே இதுல வரைங்க" என்று உட்கார வைத்தாள்.

அந்த கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டில் ஒரு வசதி இருந்தது. திரையைவிடப் பல மடங்கு பெரிய தாளை அது வைத்துக்கொள்ளும். மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோனால் தாள் தானாக நகர்ந்து வரும். மேஜையில் விரித்த பெரிய தாளைக் கையால் இழுத்துக்கொள்வது போலவே இருக்கும். மாமாவுக்கு அது பழகிப்போயிற்று. பிறகு எத்தனையோ புது கம்ப்யூட்டர் வந்தது. அவற்றில் அந்த வசதி இல்லை. அவரும் எழுந்து வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்க ஆரம்பித்தது. நேராகப் பார்த்தால் புகை; ஓரத்தால் பார்த்தால் கொஞ்சம் தெரியும். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. கறுப்புத் திரையில் மஞ்சள் கோடு, ஒவ்வொரு கோடும் விரல் தடிமன், தாளை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஒரு ஜன்னலே திரை முழுவதும் நிற்கும். ஓரத்துக்குத் தள்ளுவார், அடுத்த ஜன்னல் வரும். புது கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை நான் ஒரு முறை போட்டுக் காட்டினேன். "மவுஸ் கூடவே எல்லாம் ஓடுது மாப்ள, தலை சுத்துது" என்று சொல்லிவிட்டார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவர் கையும் சும்மா இருக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் குட்டி என்போம்; அவளுக்கே இப்போது ஒரு குட்டி இருக்கிறது. வேறு ஊரில் வேலை. அங்கே ஒரு மனை வாங்கினாள். "வீட்டு பிளான் எங்கப்பாதான் போடணும்" என்று சொல்லிவிட்டாள். கட்டித்தரும் இன்ஜினியரிடம் அவர் போட்ட பிளானே தயாராக இருந்தது; மரியாதைக்குக் காத்திருந்தார். மாமா ஒரு வாரம் மனையின் அளவை வாயால் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். அவர் அப்படிச் சிரித்த முகமாக இருந்து வெகுநாளாயிற்று.

அந்த வாரம்தான் கண் டாக்டரிடம் போனார்கள். திரும்பி வந்த அக்கா நேராக என் கடைக்கு வந்தாள். ஏதோ ஒரு தாளை மிஷினில் வைத்தாள், மூடியைப் போடவில்லை. "மிச்சம் இருக்கிறதும் போயிடுமாம்டா. இந்த வருஷம் வரைக்கும் பார்வை தாங்கறதே கஷ்டமாம். என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். நான் மூடியைப் போட்டு மிஷினை அணைத்தேன்.

பட்ட காலிலே படும். மறுநாளே அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கடக் கடக் என்று சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. மாமாவின் வரைபடங்கள் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. "இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? சாயங்காலத்துக்குள்ள ஓட வெச்சுடறேன்" என்றாள் அக்கா. வேறு டிஸ்க் போட்டாள். பழைய சிஸ்டத்தை ஏற்றினாள். கார்டின் ஃபேனைக் கழற்றி, பசையைத் துடைத்து, சிப்பைப் படித்து, டப்பாவிலிருந்து அதற்குரிய டிரைவர் சிடியை எடுத்துப் போட்டாள்.

'பொருத்தமான கார்டு இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

"இல்லியா? என் கையில இருக்குடா அது!" என்று கம்ப்யூட்டரையே திட்டினாள். பட்டியலில் சிப்பின் பெயரைத் தேடிப் பிடித்து, வலுக்கட்டாயமாக ஏற்றினாள். மறுபடி போட்டால் திரை முழுக்கக் கோடு கோடாக வந்து கறுத்துப்போனது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு பதிப்பு போட்டாள். அதுவும் கோடுதான். இணையத்தில் தேடி எடுத்த புது டிரைவர், இவ்வளவு பழைய கார்டை நான் தொடமாட்டேன் என்று கையை விரித்தது. டிரைவரே இல்லாமல் விட்டால் திரை வந்தது. ஆனால் நாலு நிறமும் மொத்தை எழுத்தும்தான், தாள் நகராது. மாமாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும், எல்லாவற்றுக்கும் முன்னால், திரையின் மேல் மூலையில் கார்டு தன் பெயரைச் சொல்லும். வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. அது அக்கா சொன்ன பெயர் இல்லை. நான் காட்டினேன். "அக்கா, இது வேற என்னமோ சொல்லுதே?"

"திரை பொய் சொல்லும்டா. நீ போய் ஜெராக்ஸ் எடு."

போனேன். எனக்கென்ன வந்தது!

மறுநாள் மத்தியானமும் அதே கதைதான். மாமா பின்னறையில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்கா ஏற்றுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். திரை மறுபடி அதே மொத்தை எழுத்தில் வந்து நிற்க, என் நாக்கு சும்மா இருக்காமல், "பழைய குருடி..." என்று ஆரம்பித்து, சட்டென்று கடித்துக்கொண்டேன்.

"கதவத் திறடின்னு முடிச்சுடு மாப்ள" என்றார் மாமா சிரித்துக்கொண்டே. "பழமொழிக்கெல்லாம் பயந்தா எப்படி?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகாமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

அன்று மாலை குட்டி போன் செய்தாள். கையில் வேலை இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அம்மா, இன்ஜினியர் திரும்பவும் கேட்டார். வேலைய ஆரம்பிக்கணுமாம். அப்பாவுக்குச் சிரமமா இருந்தா விட்டுடலாம்மா. இன்ஜினியர் போட்ட பிளானும் நல்லாத்தான் இருக்கு."

அக்கா பதில் சொல்வதற்குள் பின்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "அவரையே போடச் சொல்லும்மா. நல்ல பிளான்னா சரிதான்." குரலில் ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

அக்கா போனை வைத்துவிட்டு என் கடைக்கு வந்து, தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அபூர்வம். "அவர் கையால கடைசியா ஒரு வீடு. அதுவும் பெத்த பொண்ணுக்கு. ஊரான் வீட்டு கம்ப்யூட்டரை எல்லாம் ஓட்டிக் குடுத்தேன். இவருக்கு ஒண்ணு ஓட்ட முடியலன்னா, இத்தனை வருஷம் இந்த சிடிய எல்லாம் எதுக்குடா கட்டிக்கிட்டு அழுதேன்?" என்றாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. மிஷினைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

காலையில் அவள் மறுபடியும் கம்ப்யூட்டரின் முன்னால்தான் இருந்தாள். பக்கத்து மூடி கழற்றிக் கிடந்தது. மாமா அருகில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் மங்கியதிலிருந்து அவர் எதையும் முதலில் காதால்தான் பார்ப்பார்.

"கார்டு ஃபேன் ஓடுதா?" என்றார்.

"ஓடுதுங்க. கண்ணு முன்னால ஓடுது."

"சத்தமே இல்லியே."

"அதான் எப்பவுமே இருக்காதே."

"எப்பவுமேவா?" என்றார் மாமா. "வாங்கின புதுசுல மாவு மில்லு மாதிரி கத்துச்சே. குட்டி தூங்காம அழுவா. நீதானே என்னமோ பண்ணி அது வாய மூட வெச்ச?"

அக்காவின் கை அப்படியே நின்றது.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. குட்டி கைக்குழந்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அக்கா அவளைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வருவாள். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் பழைய போர்வையைப் போட்டு, மேஜைக்குக் கீழே படுக்க வைப்பாள். குழந்தை கண் அசரும், மாமா வரைய உட்காருவார், கார்டு சூடேறும், ஃபேன் கத்தும், குழந்தை வீறிட்டு அழும். மாமா வரைவதை நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு உலாத்துவார். இப்படியே எத்தனையோ நாள். கடைசியில் அக்கா ஒரு காரியம் செய்தாள். அதே சிப்பில் ஆபீசுகளுக்கென்று மெதுவாக ஓடும் சாதுவான கார்டு ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் நிரலை ஒரு பிளாப்பியில் வாங்கிவந்து, இந்தக் கார்டுக்குள் எழுதினாள். நடுவில் மின்சாரம் போனால் கார்டு செத்துப்போகும். அது தினமும் மின்சாரம் போகிற காலம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமாவும், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நானும், மூச்சு விடாமல் நின்றோம். எழுதி முடிந்தது. ஃபேன் தணிந்தது. சூடும் இல்லை, சத்தமும் இல்லை. குட்டி அன்று சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள். அக்காவும் மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மாமா ஒரு விரலால் மவுஸைச் சொடுக்கி வரைந்துகொண்டிருந்தார். நாங்கள் எவ்வளவு இளமையாக இருந்தோம்!

அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு சீக்கும் வரவில்லை. தூசி தட்டியதோடு சரி. செய்தவளே செய்ததை மறந்துவிட்டாள்.

"ஐயோ" என்றாள் அக்கா. "பொய் சொல்லக் கத்துக் குடுத்ததே நான்தானா!"

கார்டுக்கு இவள் வைத்த பெயரைத்தான் அது இத்தனை நாளும் மூலையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தது. இவள்தான் சிப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். புது சிடி கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளாக உள்ளே சுற்றிக்கொண்டிருந்த அதே சிடியில், அதே பட்டியலில், இரண்டு வரி கீழே அந்த ஆபீஸ் கார்டின் பெயர் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அதைத் தேர்ந்தெடுத்தாள். கம்ப்யூட்டர் ஒரு பேச்சும் பேசாமல் வாங்கிக்கொண்டது. மறுபடி போட்டதும் திரை பளிச்சென்று வந்தது.

"நான் மொதல் நாளே சொன்னேன்" என்றேன்.

"வாய மூடு" என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்தது.

மாமா மவுஸை வாங்கி மெல்ல ஓரத்துக்குத் தள்ளினார். தாள் நகர்ந்தது. "வந்துடுச்சு" என்றார். குட்டிக்குப் போன் போட்டு, இன்ஜினியரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

பிறகு வந்த நாட்களில் அவர் அந்த அறையை விட்டுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார். சில சமயம் உள்ளே தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, அடி எண்ணிக்கொண்டிருப்பார். அளவு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா அடிக்கடி எட்டிப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

முடிந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். திரையை நகர்த்தி நகர்த்தி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். "இது கூடம். இது சமையல்கட்டு, காலை வெயில் வரும். மாடி பூரா குட்டிக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும்." பிறகு கீழ்த்தளத்துக்கே திரும்பி, பின்பக்கமாக ஒரு அறைக்கு வந்தார். அகலமான கதவு, படி கிடையாது. கட்டில், மேஜை, பாத்ரூம் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில்.

"இது யாரு ரூம்?" என்றாள் அக்கா.

"நம்ம ரூம். வந்து இருக்கச் சொல்லிக் குட்டி ரொம்ப நாளாக் கேக்குறா இல்ல?"

"சுவத்துல என்னங்க அது, ஓரமா ஒரு கோடு போகுது?"

"கைப்பிடி. கட்டில்ல ஆரம்பிச்சு பாத்ரூம், அங்கேருந்து கூடம், வாசல் வரைக்கும் விடாமப் போகும். நடந்து பாத்துட்டேன். எங்கயும் இடிக்கல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"டாக்டர் சொன்னது..." என்று இழுத்தாள்.

"கண்ணுதானே போகுது? கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினா காதுமா கேக்காது?" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. "நீ சொல்லாம இருந்தா உனக்கு நிம்மதின்னா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

அக்கா முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். திரைக்குக் கிட்டே போய் அந்த அறையை ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்காமல் அவளால் எழுந்திருக்க முடியாது.

"எல்லாம் போட்டீங்க. லைட் சுவிட்ச் கட்டில்ல உங்க பக்கம் ஒண்ணு கூட இல்லியே? மறந்துட்டீங்களா?"

"மறக்கல" என்றார். "உன் பக்கம் போட்டிருக்கேன் பாரு. உனக்குத்தானே வேணும்?"